சர்வர் பிங் ஆகுது, லாகின் ஆகல: ஃபைல் சிஸ்டம் ஹேங்கை சீரியல் கன்சோல்ல பிடிக்கிறது எப்படி?

மணலி_சிஸ்டம்ஸ் (கேள்வி)

வணக்கம். மணலியில ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ் சர்வர். அசெம்பிள் பண்ண டவர் மெஷின், ஐபிஎம்ஐ (தூரத்துல இருந்தே சர்வரைக் கவனிக்கிற வசதி) எல்லாம் கிடையாது. உபுண்டு 22.04, கெர்னல் 5.15. ரெண்டு 4 டிபி சாட்டா டெஸ்க்டாப் டிஸ்க், எம்டி ரெய்டு 1 (லினக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு, ரெண்டுலயும் ஒரே காப்பி), அதுமேல இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். ரூட், வார், ஹோம் மூணும் அதே ரெய்டுலதான். போஸ்ட்கிரெஸும் சம்பாவும் ஓடுது. கேட் பாஸ், டெலிவரி ஆர்டர் என்ட்ரி எல்லாத்துக்கும் இந்த ஒரு மெஷின்தான்.

வேலை நேரத்துல திடீர்னு உறைஞ்சு போகுது. பிங் போகுது. எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டு கேக்குது, கொடுத்ததும் அதோட சரி. மானிட்டர்ல கர்சர் மட்டும் மினுக்குது. கேட்ல லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்னுடும், அதனால யாராவது ரீசெட்டை அழுத்திடறாங்க. திரும்ப எழுந்ததும் சிஸ்டம் லாக் ஜர்னலைப் பார்த்தா ஹேங் ஆன நேரத்துல இருந்து ஒரு வரி கூட இல்ல. மெம்டெஸ்ட் சுத்தமா வந்துச்சு. ரீசின்க் முடிஞ்சதும் ரெய்டு ரெண்டு டிஸ்க்கையும் ஆரோக்கியமாத்தான் காட்டுது.

சீரியல் கன்சோல் (கெர்னல் மெசேஜை சீரியல் கேபிள் வழியா வேற மெஷினுக்கு அனுப்புறது) போட்டுப் பாருன்னு சொல்றாங்க. போர்டுல காம் ஹெட்டர் பின் இருக்கு, பின்பக்கம் போர்ட் இல்ல. என்ன கேபிள், என்ன செட்டிங், ஹேங் ஆன நேரத்துல என்ன அழுத்தணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆர்எஸ்_232

முதல்ல ஒயரிங். காம் ஹெட்டர்ல இருந்து பின்பக்க ஸ்லாட்டுக்கு வர்ற பிராக்கெட் கேபிள் ஒண்ணு வேணும். இது ரெண்டு விதமான பின் வரிசையில வருது, வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். போர்டு மேனுவல்ல இருக்கிற ஹெட்டர் படத்தை வெச்சு மல்டிமீட்டர்ல கன்டின்யுட்டி பாருங்க: ஹெட்டர்ல ஆர்எக்ஸ், டிஎக்ஸ், கிரவுண்டுன்னு போட்டிருக்கிற மூணும் டிபி9 பக்கம் முறையே 2, 3, 5-ஆவது பின்னுக்கு வரணும். வரலைன்னா பிராக்கெட்டை மாத்துங்க, வளைச்சு ஒட்டி ஓட்டாதீங்க.

லேப்டாப் பக்கம் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர். எஃப்டிடிஐ சிப் இருந்தா தொல்லை இல்ல. பிஎல்2303 போட்ட மலிவு அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் பர்மா பஜார்லயும் குவிஞ்சு கிடக்கும். போலி சிப்பா இருந்தா விண்டோஸ் டிரைவர் கோட் 10 போட்டு எடுத்துக்காது, லினக்ஸ்ல பெரும்பாலும் ஓடிடும். ஒண்ணு மட்டும் கவனம்: அர்டுயினோவுக்கு விக்கிற 3.3 வோல்ட் டிடிஎல் அடாப்டரை இங்க சொருகக் கூடாது. ஆர்எஸ்-232 லைன்ல பிளஸ் மைனஸ் 3-ல இருந்து 15 வோல்ட் வரைக்கும் வரும், அடாப்டர் செத்துடும்.

சர்வர் பக்கமும் அடாப்டர் பக்கமும் ஆண் முனைதான். அதனால ரெண்டு பக்கமும் பெண் முனை உள்ள நல் மோடம் கேபிள். 2-ம் 3-ம் குறுக்கே மாறணும், 5 நேருக்கு நேர். கடையில "சீரியல் கேபிள்"னு மட்டும் கேட்டா நேர் கேபிளைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி அடாப்டரோட 2, 3 பின்னை ஒரு ஜம்பரால சேர்த்துட்டு மினிகாம்ல (லேப்டாப்ல ஓடுற சீரியல் டெர்மினல் ப்ரோகிராம்) டைப் பண்ணுங்க. அடிச்ச எழுத்து திரும்பி வந்தா அடாப்டர் ஓகே. மினிகாம்ல ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. மூணு ஒயர் கேபிள்ல அது ஆன்ல இருந்தா மெசேஜ் வரும், நீங்க அடிக்கிறது மட்டும் போகாது. பாதிப் பேர் கேபிளைச் சந்தேகப்பட்டு நாளை ஓட்டுறது இந்த இடத்துலதான்.

சர்வர்ல: ஈடிசி / டிஃபால்ட் / கிரப் ஃபைல்ல கெர்னல் கமாண்ட் லைனுக்கு ரெண்டு கன்சோல் கொடுக்கணும். முதல்ல டிடிஒய்0, அடுத்து டிடிஒய்எஸ்0 கமா 115200என்8. கடைசியா எழுதுறதுதான் பிரதான கன்சோல் ஆகும், அதனால சீரியல் கடைசியில. பின்னாடி ஆர்னு ஒரு எழுத்தைச் சேர்த்துடாதீங்க, அது ஃப்ளோ கன்ட்ரோலைக் கூப்பிடும். அப்டேட்-கிரப், ரீபூட். லாகின் ப்ராம்ப்டை சிஸ்டம்டி தானா அந்தப் போர்ட்ல எழுப்பிடும். எதுவுமே வரலைன்னா டிமெசேஜ்ல (கெர்னல் மெசேஜைக் காட்டுற கமாண்ட்) டிடிஒய்எஸ்0 16550ஏ-ன்னு வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா பயாஸ்ல சீரியல் போர்ட்டே அணைஞ்சிருக்கும்.

லேப்டாப் சார்ஜர் எர்த் இல்லாத பிளக்ல இருந்தா, கேபிள் மாட்டும்போது சார்ஜரைக் கழட்டிடுங்க. பழைய கட்டடத்துல கிரவுண்டு வித்தியாசம் போர்ட்டை எரிச்சுடும்.

டி_ஸ்டேட்

கேபிள் விஷயம் மேலே சரியாகச் சொல்லிவிட்டார். நான் கெர்னல் பக்கம் சொல்கிறேன்.

ஜர்னலில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் எளிது. எழுத வேண்டிய டிஸ்க்கே நிற்கிறது. கெர்னல் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது மெமரி பஃபரில் கிடக்கிறது. ரீசெட் அழுத்தியதும் போய்விடுகிறது. சீரியல் லைனுக்கு டிஸ்க் தேவையில்லை.

பாஸ்வேர்டு கொடுத்ததும் நிற்பதும் இதனால்தான். லாஸ்ட்லாக், டபிள்யூடிஎம்பி ஃபைல்களில் எழுத முயன்று லாகின் ப்ராசஸ் டி (D) நிலைக்கு, அதாவது டிஸ்க் பதிலுக்காக அசையாமல் காத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். சீரியலில் லாகின் செய்தாலும் இதே கதைதான். எனவே சீரியலில் நமக்கு வேண்டியது ஷெல் அல்ல, மேஜிக் சிஸ்ஆர்க்யூ. அது நேராகக் கெர்னலோடு பேசும், யூசர் ப்ராசஸ் எதுவும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

உபுண்டுவில் கெர்னல் டாட் சிஸ்ஆர்க்யூ மதிப்பு 176 என்று வரும். 128 ரீபூட், 32 ரீட்-ஒன்லியாக மாற்றுவது, 16 சின்க், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய டம்ப் வகைக்கு 8, கன்சோல் லாக் லெவல் மாற்ற 2. ஆக 186 வையுங்கள். இடம் ஈடிசி / சிஸ்சிடிஎல்.டி கீழே இருக்கும் 10-மேஜிக்-சிஸ்ஆர்க்யூ ஃபைல். இதை இப்போதே செய்யுங்கள். ஹேங் ஆன பிறகு மாற்ற வழி கிடையாது. அதே இடத்தில் கெர்னல் டாட் ஹங்_டாஸ்க்_வார்னிங்ஸ் மதிப்பை -1 ஆக்குங்கள். இயல்பில் அது 10. பத்து எச்சரிக்கை அடித்ததும் கெர்னல் வாயை மூடிக்கொள்ளும்.

ஹேங் ஆனதும் செய்ய வேண்டியது: மினிகாமில் லாக் கேப்சர் ஓடுகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல்-ஏ, பிறகு என் அழுத்தினால் வரிக்கு வரி நேரமும் பதியும். பிரேக் சிக்னல் அனுப்ப கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப். அனுப்பிய 5 வினாடிக்குள் அடுத்த கீயை அழுத்த வேண்டும். முதல் கீ 9. இதைத் தவிர்த்தால் "ஷோ பிளாக்டு ஸ்டேட்" என்ற தலைப்பு வரி மட்டும் வந்து கீழே வெறுமையாக இருக்கும். தலைப்பு லாக் லெவலை மதிக்காது, உள்ளடக்கம் மதிக்கும். அடுத்து மறுபடி பிரேக், டபிள்யூ. டி நிலையில் நிற்கும் ப்ராசஸ் எல்லாம் ஸ்டாக்கோடு வரும். அரை நிமிடம் விட்டு இன்னொரு முறை டபிள்யூ. இரண்டிலும் அதே இடத்தில் நிற்பவை மட்டுமே உண்மையில் சிக்கியவை. பிறகு பிரேக், எல். அது ஒவ்வொரு சிபியுவிலும் அந்த நொடி ஓடுவதைக் காட்டும்.

டாஸ்க் முழுவதையும் கொட்டும் டி (T) கீயைத் தொடாதீர்கள். 115200 வேகத்தில் வினாடிக்கு 11,520 எழுத்துதான் போகும். ஆயிரக்கணக்கான த்ரெட்டுகளின் ஸ்டாக் சில எம்பி வரும். அது முடியப் பத்து நிமிடம்கூட ஆகலாம். நடுவில் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கைகளும் கலந்து, எது நோய் எது மருந்தின் பக்கவிளைவு என்றே தெரியாமல் போகும்.

எடுத்து முடித்ததும் உடனே ரீசெட் வேண்டாம். பிரேக்-எஸ் (சின்க்), பிரேக்-யூ (ரீட்-ஒன்லி), கடைசியில் பிரேக்-பி (B, ரீபூட்). எஸ் நிற்கும் ஃபைல் சிஸ்டத்தில் முடியாமலே போகலாம், 10 வினாடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ப்ராசஸ்களை முடிக்கும் இ, ஐ கீகள் இரண்டும் வீண். டி நிலையில் நிற்பதைக் கில் செய்ய முடியாது.

தொண்டை_நெட்

இவ்ளோ ஒயர் எதுக்கு? கெர்னல் மெசேஜை நெட்வொர்க்ல அனுப்புற நெட்கன்சோல் மாடியூல் போட்டு பக்கத்து மெஷின்ல யூடிபி 6666-ஐ நெட்கேட் வெச்சுக் கேட்டா போதாதா? பிங்தான் போகுதே.

டி_ஸ்டேட்

@தொண்டை_நெட் சும்மா வரும் எச்சரிக்கைக்கு அது போதும். ஆனால் அது ஒருவழிப் பாதை, பிரேக்-டபிள்யூ அனுப்ப வழி இல்லை. கேபிள் கிடைக்கும் வரை ஒரு மாற்று: ஹேங்குக்கு முன்பே திறந்து வைத்த ரூட் ஷெல் ஒன்றை அப்படியே விட்டு வையுங்கள். ஹேங் ஆனதும் அதில் ப்ராக் கீழே உள்ள சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் ஃபைலுக்கு டபிள்யூ என்று எக்கோ செய்யலாம். எக்கோ பேஷுக்குள்ளேயே இருப்பது, ப்ராக் டிஸ்க்கில் இல்லை, அதனால் ஓடும். இந்த வழிக்கு அந்த 186 கணக்குகூடத் தேவையில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து பிஎஸ் அடித்துவிடாதீர்கள். சிக்கிய ப்ராசஸ் தன் மெமரி மேப் லாக்கைப் பிடித்திருந்தால், அதன் சிஎம்டிலைன் ஃபைலைப் படிக்கும் பிஎஸ்ஸும் டாப்பும் கூடவே சிக்கும். உங்கள் ஒரே ஷெல்லும் போய்விடும். வேண்டுமானால் அந்த பிஐடியின் (ப்ராசஸ் எண்ணின்) ஸ்டாக் ஃபைலை மட்டும் படியுங்கள். கேட் கமாண்டை முன்கூட்டியே ஒருமுறை ஓட்டி வைத்தால் கேஷில் இருக்கும்.

காசிமேடு_ஹார்டுவேர்

மணலி, எண்ணூர் பக்கம்னா நான் முதல்ல பாக்கிறது சாட்டா கேபிள்தான். உப்புக் காத்துல கான்டாக்ட் கறுத்துடும். கழட்டிப் பாருங்க. சேண்ட் பேப்பர் போடாதீங்க, தங்கப் பூச்சு போனா அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா இதே வேலைதான். ஐசோப்ரொப்பைல் வெச்சுத் துடைச்சு, க்ளிப் உள்ள புது கேபிள் போடுங்க.

மணலி_சிஸ்டம்ஸ்

எல்லாருக்கும் நன்றி. பிராக்கெட் மாத்தி, 186 வெச்சு, பழைய லேப்டாப்பைக் கூடவே விட்டு வெச்சோம். சிக்கிடுச்சு. முக்கியமான வரிகளை மட்டும் தமிழ்ல அடிச்சுப் போடறேன்:

ஏடிஏ3.00: எக்ஸெப்ஷன் இமாஸ்க் 0x0, எஸ்எர்ர் 0x0, ஆக்ஷன் 0x6 ஃப்ரோசன்
ஏடிஏ3.00: ஃபெயில்டு கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூடு — இமாஸ்க் 0x4 (டைம்அவுட்)
ஏடிஏ3: ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்
ஏடிஏ3: சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்
(இதே கூட்டம் திரும்பத் திரும்ப வருது)
டாஸ்க் ஜேபிடி2/எம்டி0-8, 120 வினாடிக்கு மேல் பிளாக்டு

டபிள்யூ அடிச்சதுல நிறைய வந்துச்சு. மேலேயே போஸ்ட்கிரெஸ்: ஜேபிடி2_லாக்_வெய்ட்_கமிட், இஎக்ஸ்டி4_சின்க்_ஃபைல். ஜர்னல்டியும் அதே. எஸ்எஸ்ஹெச்டி: வெய்ட்_டிரான்ஸாக்ஷன்_லாக்டு. ஜேபிடி2 த்ரெட்: பிட்_வெய்ட்_ஐஓ, மேல ஜேபிடி2_ஜர்னல்_கமிட்_டிரான்ஸாக்ஷன். ரெண்டாவது டபிள்யூலயும் அதேதான். போஸ்ட்கிரெஸ்தான் காரணமா?

டி_ஸ்டேட்

போஸ்ட்கிரெஸ் இல்லை. லிஸ்ட்டில் முதலில் வருவது குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வரிசையில் நிற்பவர்களில் ஒருவர். கவுன்ட்டரில் யார் என்று தேட வேண்டும்.

கீழிருந்து கோத்துப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச்டி ஒரு டிரான்ஸாக்ஷன் திறக்கக் காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸும் ஜர்னல்டியும் கமிட் முடியக் காத்திருக்கின்றன. கமிட் செய்ய வேண்டிய ஜேபிடி2 (இஎக்ஸ்டி4-இன் சொந்த ஜர்னலை டிஸ்க்கில் எழுதும் கெர்னல் த்ரெட்) யாருக்காகக் காத்திருக்கிறது? எந்த லாக்குக்கும் இல்லை, பிட்_வெய்ட்_ஐஓ. அதாவது கீழே டிஸ்க்குக்கு அனுப்பிய எழுதும் வேலை முடிந்து திரும்பவில்லை. இத்தோடு இஎக்ஸ்டி4 விடுதலை. பிளாக் லேயருக்குக் கீழே போக வேண்டும். அங்கே ஏடிஏ3 தானே கையைத் தூக்குகிறது.

இதே லிஸ்ட்டில் ஜேபிடி2 இல்லாமல், எல்லோரும் எஸ்பி_ஸ்டார்ட்_ரைட்டில் நின்றிருந்தால் கதை வேறு. பேக்கப் ஸ்கிரிப்ட் எதுவோ ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்துவிட்டு விடுவிக்காமல் போயிருக்கும்; அதற்கு பிரேக்-ஜே, ஆனால் அது 186-இல் அடங்காது; 64-ஐயும் கூட்டி 250 வைத்திருக்க வேண்டும். ஆர்பிசி_வெய்ட் என்று வந்திருந்தால் என்எஃப்எஸ் சர்வரைத் தேட வேண்டும்.

இப்போது கேபிள் சந்தேகம். @காசிமேடு_ஹார்டுவேர் சொன்னது நியாயமான முதல் யூகம், ஆனால் இந்த லாக் அதை ஏற்கவில்லை. எஸ்எர்ர் 0x0. அது சாட்டா லிங்க்கின் பிழைப் பதிவு; கேபிள் கெட்டால் அங்கே பேட்சிஆர்சி போன்ற கொடிகள் எழும், ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் பிழைகளைத் தானே எண்ணி வைக்கும் பதிவில்) 199-ஆவது எண் ஏறும். லிங்க்கும் 6.0-இலிருந்து 3.0, 1.5 என்று இறங்கத் தொடங்கும். இங்கே லிங்க் சுத்தமாக 6.0-இல் எழுகிறது. அனுப்பிய கமாண்டுக்கு டிஸ்க் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் "முடியவில்லை" என்று சொல்லாது. உள்ளேயே திரும்பத் திரும்ப முயலும், இரண்டு நிமிடம் தாண்டியும் போகும். லினக்ஸ் ஒரு கமாண்டுக்குக் கொடுக்கும் நேரம் 30 வினாடி. முடிந்ததும் போர்ட்டை உறைய வைத்து, லிங்க்கை ரீசெட் செய்து, அதே கமாண்டை மறுபடி அனுப்புகிறது. நாலைந்து சுற்றிலேயே 120 வினாடி கடந்துவிடும். படிப்பதை எம்டி இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் டிஸ்க் தோல்வி என்று சொன்ன பிறகுதான் அது அங்கே போகும். எழுதுவதோ இரண்டிலும் முடிந்தால்தான் முடிந்ததாகும். ஒரு போர்ட் உறைந்தால் நல்ல டிஸ்க்கும் சும்மா உட்கார்ந்திருக்கும், ஜர்னல் கமிட் நிற்கும், அதன் பின்னால் ஆபீஸ் முழுக்க நிற்கும். பொறுத்திருந்தால் தானாகவே விட்டிருக்கும் என்பதுதான் இதில் எரிச்சல்.

ஏடிஏ3 எந்த டிஸ்க் என்பதை சிஸ் / பிளாக் கீழே உள்ள லிங்க்குகளின் பாதையில் பாருங்கள், ஏடிஏ எண் அதிலேயே இருக்கும். அந்த டிஸ்க்குக்கு ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி 5 (மாற்றிய செக்டர்), 197 (சந்தேகத்தில் உள்ள செக்டர்), 198 (படிக்க முடியாத செக்டர்), 199 (கேபிள் பிழை) நான்கையும் போடுங்கள். எஸ்சிடி இஆர்சி (கெட்ட செக்டருக்காக டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பு) உண்டா என்றும் கேளுங்கள்.

மணலி_சிஸ்டம்ஸ்

ஏடிஏ3 = எஸ்டிபி. 5 பூஜ்யம், 197-ல 16, 198-ல 16, 199 பூஜ்யம். எஸ்சிடி இஆர்சி ரெண்டு டிஸ்க்லயும் "சப்போர்ட் இல்ல"ன்னு வருது. இன்னொரு டிஸ்க் எஸ்டிஏ-ல நாலுமே பூஜ்யம். எஸ்டிபி-யைக் கழட்டிட்டு இன்னைக்கே புதுசு போட்டுடவா?

ஆர்எஸ்_232

கழட்டாதீங்க! எஸ்டிபி-ல கெட்டது சில செக்டர்தான், மீதி எல்லாம் நல்ல காப்பி. அதை எடுத்துட்டா ரீபில்டு முழுக்க எஸ்டிஏ ஒத்தையா நிக்கும். அதுல இதுவரைக்கும் யாரும் படிக்காத ஒரு மூலை கெட்டிருந்தா அந்த இடத்து டேட்டாவுக்கு வேற காப்பி கிடையாது. 197 பூஜ்யம்னா "இதுவரை படிச்சதுல பிரச்சினை இல்ல"ன்னுதான் அர்த்தம்.

வரிசை இப்படி: முதல்ல போஸ்ட்கிரெஸ் டம்ப் எடுத்து வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. அடுத்து சிஸ் / பிளாக் / எஸ்டிஏ / டிவைஸ் / டைம்அவுட்ல 180 எழுதுங்க, எஸ்டிபி-க்கும் அதே. ரீபூட் ஆனா 30-க்குத் திரும்பிடும், அதனால யூடெவ் ரூல்ல (டிஸ்க்கைக் கண்டதும் தானா ஓடுற செட்டிங்) போட்டு வைங்க. இதுல ஹேங் குறையாது, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம் வரைக்கும் இழுக்கும். ஆனா டிஸ்க் கடைசியில "படிக்க முடியல"ன்னு ஒழுங்கா பதில் சொல்லும், எம்டி அந்த செக்டரை இன்னொரு காப்பியில இருந்து எடுத்து மேல எழுதிடும். 30-லயே விட்டா ரீசெட்டுக்கும் பதில் சொல்லாத டிஸ்க்கைக் கெர்னல் கைவிட்டு, ரெய்டுல இருந்து வெளிய தள்ளிடும்.

இப்ப புது டிஸ்க்கை மூணாவதா மாட்டி, அதே மாதிரி பார்ட்டிஷன் போட்டு, எம்டிஆட்ம்ல (ரெய்டை நிர்வகிக்கிற கமாண்ட்) ஆட் பண்ணி, க்ரோ வெச்சு ரெய்டு-டிவைசஸ் 3 ஆக்குங்க. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரியில ஆரம்பிங்க. சின்க் முழுசா முடிஞ்ச பிறகு எஸ்டிபி-யை ஃபெயில், ரிமூவ், திரும்ப 2-க்கு க்ரோ. கழட்டுறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரை எல்எஸ்பிஎல்கே-ல எழுதி வெச்சு, டிஸ்க் லேபிளோட ஒப்பிடுங்க. ஏடிஏ3-ன்னா போர்டுல சாட்டா 3-னு அச்சடிச்ச சாக்கெட்தான்னு நம்பிடாதீங்க, எண் பல போர்டுல ஒத்து வராது.

புது டிஸ்க் வாங்கும்போது நாஸ் அல்லது என்டர்பிரைஸ் வகை, எஸ்எம்ஆர் (ட்ராக்கை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி எழுதுற வகை) இல்லாததுன்னு மாடல் நம்பரை வெச்சு உறுதி பண்ணிக்குங்க. வந்ததும் எஸ்சிடி இஆர்சி 70,70 வைங்க, அதாவது படிக்கவும் எழுதவும் 7 வினாடி. பவர் போனா அதுவும் அழிஞ்சுடும், யூடெவ்லயே அதையும் சேருங்க.

டி_ஸ்டேட்

ஒன்று விட்டுப்போயிற்று. பூட் ஆவது எஸ்டிபி-யின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து என்றால், அது ரெய்டில் இருக்காது. கழட்டும் முன் புது டிஸ்க்கிலும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் செய்து கிரப் (பூட் லோடர்) இன்ஸ்டால் செய்யுங்கள். எஸ்டிபி-யின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள்; சீரியலில் கெர்னல் மெசேஜ் முதல் வரியிலிருந்து வரும், கெர்னல் தொடங்கிய பிறகு எங்கே நின்றாலும் தெரியும்.

சிஸ் / பிளாக் / எம்டி0 / எம்டி கீழே சின்க்_ஆக்ஷனில் செக் என்று எழுதினால் இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படிக்கும். உபுண்டுவில் இதற்கு எம்டிசெக்_ஸ்டார்ட் என்ற டைமர் மாதம் ஒருமுறை ஓட வேண்டும். உங்களிடம் அது இயங்குகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸில் பாருங்கள்.

சீரியல் கேபிளை எடுத்துவிடாதீர்கள். லேப்டாப்புக்குப் பதில் ஒரு ராஸ்ப்பெரி பை வைத்து லாக்கை ஓட விடுங்கள்.

மணலி_சிஸ்டம்ஸ்

சரிங்க. டைமர் டிசேபிள்டுன்னு வருது. யாரோ "ராத்திரியில டிஸ்க் சத்தம் போடுது"ன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. டம்ப் ரீஸ்டோர் ஓடிட்டிருக்கு, அது முடிஞ்சதும் 180.